கவுன்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

2018 ஆகஸ்டில் விருதுநகரிலிருந்து கிளம்பி, அமெரிக்காவின் மத்திய மேற்கில் சுற்றிலும் சோளக்காடாக இருந்த ஓர் ஊரின் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்தேன். முதல் வாரம் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் இன்டர்நேஷனல் ஆபீசுக்குப் போய் பாஸ்போர்ட், விசா, ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று) மூன்றையும் காட்டிப் பதிவு செய்துகொண்டேன். கவுன்டரில் இருந்த அம்மா, "எதுவாக இருந்தாலும் வந்து கேளுங்கள்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு மாதம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நம்மூரில் ஆபீஸ் என்றாலே வயிற்றில் ஒரு கலக்கம். தாலுகா ஆபீசுக்குப் போவதென்றால் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பழக்கம். சும்மா ஒரு சந்தேகம் கேட்க யாரும் ஆபீஸ் படி ஏறுவதில்லை. ஏறினால் ஏதோ ஒரு நகல் குறைகிறது என்பார்கள், இல்லாத வில்லங்கம் ஒன்று முளைக்கும். அந்தப் பயத்தை நான் பெட்டியோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தவிர, சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழு இருந்ததே! நம்மாட்களே நூறு பேருக்கு மேல். எதைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் பதில். சரியா தப்பா என்பது வேறு விஷயம்.

பிற்பாடு அதே ஆபீசின் முன்மேசையில் ஏறக்குறைய இரண்டு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அப்போதுதான் அந்த இடத்தின் சூட்சுமம் புரிந்தது. ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் போய்க் கேட்டால், அவர்களால் ஏறக்குறைய எதையும் சரிசெய்து தர முடியும். செய்துவிட்டுப் போனால், எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் அவர்கள் கை கட்டப்பட்டிருக்கும். இதை நான் முறைப்படி கற்கவில்லை, மாட்டிக்கொண்டுதான் கற்றேன்.

முதல் செமஸ்டரில் புள்ளியியல் பாடம் எனக்கு எமனாக வந்தது. அக்டோபர் இடைத்தேர்வில் நூற்றுக்கு 38. நவம்பர் பிறந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் ஊர் இருட்டிவிடும். ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் எழுந்திருக்க முடியவில்லை. சோறு வடித்தால் அதைத் தட்டில் போட்டுக்கொள்ளச் சோம்பலாக இருக்கும், குக்கரிலிருந்தே நாலு வாய் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். வீட்டுக்குப் பேசும்போது மட்டும் "நல்லா இருக்கேம்மா" என்பேன்.

குழுவில் கேட்டேன், ஒரு பாடத்தை டிராப் செய்யலாமா என்று. சீனியர் அண்ணன் ஒருவர், "நானும் பண்ணேன், ஒண்ணும் ஆகாது, டிபார்ட்மென்ட் அட்வைசர் ஓகே சொன்னா போதும்" என்றார். அட்வைசரும் ஓகே சொன்னார். அவர் பார்த்தது பட்டத்துக்கு எத்தனை பாடம் வேண்டும் என்ற கணக்கை மட்டும்தான். ஒரு புதன்கிழமை ராத்திரி 11 மணிக்குப் போர்ட்டலில் போய் டிராப் பொத்தானை அழுத்தினேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

வியாழன் காலை எழுந்தால் மின்னஞ்சல். எங்கள் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவருக்கு 9 கிரெடிட் இருந்தால்தான் முழுநேரப் படிப்பு. நான் 6-க்கு இறங்கியிருந்தேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர், இன்டர்நேஷனல் ஆபீசில் மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ. முன்கூட்டி அனுமதித்து அதை செவிஸில் பதியாமல் முழுநேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. செவிஸ் என்பது 2003-இலிருந்து நடப்பில் உள்ள மத்திய அரசின் கணினிப் பதிவேடு. நாம் சேர்ந்தது, வீடு மாறியது, படிப்பை முடித்தது எல்லாம் அதில் ஏறும். அனுமதியில்லாமல் இறங்கியது அதில் ஏறினால் மாணவராக நாட்டில் தங்கும் அந்தஸ்து போகும். பிறகு மீட்டுத் தரச் சொல்லி அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கை நடுங்க ஆபீசுக்கு ஓடினேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அந்த டி.எஸ்.ஓ. கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டாயா?" அப்புறம்தான் கணினியைத் திருப்பினார். பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் வெள்ளி மாலை 5 மணி. அதற்குள் என்னை மறுபடி அந்த வகுப்பில் சேர்த்து, டாக்டர் கடிதம் வாங்கி, குறைந்த பாடச் சுமைக்கான அனுமதியைப் பதிந்து, அதன் பிறகு முறைப்படி டிராப் செய்ய வேண்டும். பதிவாளர் அலுவலகத்துக்கு அவரே போன் போட்டு என்னைத் திரும்பச் சேர்த்தார்.

கடிதம்தான் இழுத்தடித்தது. அதே பகலில் கவுன்சலிங் மையத்தில் அவசர நேரம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் பேசினேன், பாதி நேரம் அழுதேன். அருமையான மனுஷி, கடிதமும் எழுதிக் கொடுத்தார். கொண்டுபோனால் டி.எஸ்.ஓ. உதட்டைப் பிதுக்கினார். கையெழுத்துப் போட்டவர் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர். விதியிலோ மருத்துவர், ஆஸ்டியோபதி மருத்துவர், உரிமம் பெற்ற மருத்துவ உளவியலாளர் என்று மூன்றே வகைதான். மறுபடி மாணவர் சுகாதார மையத்துக்கு ஓட்டம். வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்கு டாக்டர் பார்த்தார். மூன்றே முக்காலுக்குக் கடிதம் கையில். நாலரைக்குப் பதிவு முடிந்தது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. "பாடம் கஷ்டமாக இருக்கிறது" என்பது மட்டும் காரணமாகாது. ஆங்கிலத்திலோ வாசிப்பு அளவிலோ தொடக்கச் சிரமம், அமெரிக்கக் கற்பிக்கும் முறை பழகாதது, தகுதிக்குப் பொருந்தாத வகுப்பில் போட்டுவிட்டது போன்றவைதான் கல்விக் காரணங்கள். அந்த வழியில் ஒரு படிப்பு நிலைக்கு ஒரே முறைதான் அனுமதி, அப்போதும் பாதிச் சுமையாவது படித்தாக வேண்டும். உடல்நிலை, மனநிலை காரணமென்றால் ஒரு பாடமும் படிக்காமல்கூட இருக்கலாம். மொத்தம் 12 மாதம் வரை, ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். மனசு சரியில்லை என்று சொல்வதில் கூச்சப்பட்டு, "கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லித் தனக்குக் கிடைக்க வேண்டிய வழியை அடைத்துக்கொண்ட பிள்ளைகளைப் பிற்பாடு நிறையப் பார்த்தேன்.

ஜனவரியில் அதே ஆபீஸ் முன்மேசைக்கு ஆள் கேட்டார்கள். சேர்ந்துவிட்டேன். வேலைக்கான கடிதமும் டி.எஸ்.ஓ. கடிதமும் எடுத்துக்கொண்டு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய், சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய எண்ணை வாங்கினேன். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் ஒவ்வொன்றிலும் இருபது இல்லை, இரண்டும் சேர்த்தே இருபது. இதில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம்.

கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான், அந்தப் பக்கம் நிற்பவர்களின் முகம் தெரிந்தது. ஒரு நாள் சீன மாணவர் ஒருவர் காதில் போனோடு உள்ளே ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையில் கிஃப்ட் கார்டு, மறு கையில் அதன் எண்ணைச் சுரண்ட ஒரு நாணயம். குடியேற்றத் துறை அதிகாரியாம், அபராதம் கட்டாவிட்டால் இன்றைக்கே கைதாம், போனை வைத்தால் அதுவும் குற்றமாம். எங்கள் மேசைக்குப் பொறுப்பான அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் "போனை வை" என்று எழுதி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். அவர் வைக்கவில்லை, தயங்கினார். அந்த அம்மா எட்டிப் போனை வாங்கித் துண்டித்தார். அரசாங்கத்தில் யாரும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்குவதில்லை என்று அறிமுகக் கூட்டத்தில் வருஷா வருஷம் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் பசங்க இலவச பீட்சாவுக்குக் காத்திருப்பார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் வந்தால் கேள்விகளின் ரகமே வேறு. அவர்கள் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வருபவர்கள். ஐ-20-க்குப் பதில் டிஎஸ்-2019. காப்பீட்டில் கறாரான விதி: ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், இறந்தால் உடலை ஊருக்கு அனுப்ப 25,000, மருத்துவக் காரணத்துக்காக ஊருக்குக் கொண்டுபோக 50,000. மதுரைக்காரர் ஒருவர் முதுமுனைவர் ஆராய்ச்சிக்கு வந்தார். ஊரிலேயே மலிவாக ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதில் இந்த மூன்றில் இரண்டு இல்லை. வந்த வாரமே இங்கே புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று, கட்டிய பணம் தண்டம். விமானம் ஏறும் முன் ஒரு மின்னஞ்சலில் பாலிசியை அனுப்பிச் சரிபார்த்திருக்கலாம்.

அவருடைய மனைவி ஜே-2, அதாவது ஜே-1-காரரின் துணைவருக்கான விசா. ஜே-2-வில் இருப்பவர் அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்து வேலை பார்க்கலாம், மாணவர்களின் துணைவர் எஃப்-2 என்றால் அறவே முடியாது. இது தெரியாமல் அந்த அக்கா ஏழு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமைகளில் ஆபீஸ் நடத்திய ஆங்கிலப் பேச்சு வட்டத்துக்கு யாரோ இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வட்டத்தில் இலக்கணம் ஒன்றும் பெரிதாக நடக்காது. காபி, பிஸ்கட், எந்தக் கடையில் புளி கிடைக்கும் என்ற பேச்சு. ஆபீஸ் செய்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான் என்பது என் கட்சி.

ஆபீஸைத் தூக்கி வைத்து மட்டும் பேசவில்லை. ஆகஸ்டில் மின்னஞ்சல் போட்டால் பதில் வரப் பத்து நாள் ஆகும். வரும் பதிலிலும் பாதி, ஏற்கெனவே எழுதிவைத்ததை வெட்டி ஒட்டியது. நேரில் போனால் ஐந்து நிமிடத்தில் முடியும் விஷயம் அது. செவ்வாய், புதன் மதியம் கூட்டம் இருக்காது. டிசம்பர் விடுமுறைக்கு முந்தின வாரம் மட்டும் போகவே கூடாது, ஊருக்குப் போய்த் திரும்பி வர ஐ-20-இல் டி.எஸ்.ஓ. போடும் பயணக் கையெழுத்துக்கு வரிசை கதவைத் தாண்டி நிற்கும். அந்தக் கையெழுத்து ஒரு வருடம் செல்லும், படிப்பு முடிந்து ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சி அனுமதியில் இருந்தால் ஆறு மாதம். அக்டோபரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பிறகு ஐ-20-யே மின்னஞ்சலில் வருவதால் அந்த வரிசை இப்போது குறைந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஆபீசில் யாரும் சத்தமாகச் சொல்லாதது. டி.எஸ்.ஓ. நம் பக்கத்து ஆள்தான், ஆனால் அரசாங்கத்துக்குத் தகவல் பதிவது அவர் கடமை. அவரிடம் சொன்னது வக்கீலிடம் சொன்னது போல ரகசியமாக இருக்காது. வெளியே பெட்ரோல் பங்கில் நாலு மாதம் ரொக்கத்துக்கு வேலை பார்த்த ஒரு தம்பி, மனசு உறுத்தி முன்மேசையில் நின்று என்னிடமே சொல்ல ஆரம்பித்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த மாதிரி விஷயத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது குடியேற்ற வழக்கறிஞரை. பாடச் சுமை, பயணம், வேலை அனுமதி போன்ற இனிமேல் செய்யப் போகும் காரியங்களுக்கு டி.எஸ்.ஓ.விடம் போகலாம். மனசில் இருப்பதைக் கொட்டுவதற்குக் கவுன்சலிங் மையம், உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளைத் தவிர அங்கே பேசுவது வெளியே போகாது. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பது முக்கியம்.

எனக்குக் குறைந்த அந்த ஒரு பாடம் வரிசையைக் குலைத்து, படிப்பை ஒரு செமஸ்டர் தள்ளிவிட்டது. ஐ-20-இல் முடிவு நாள் 2020 மே. நீட்டிப்பு அந்தத் தேதிக்கு முன்னால் நடந்தாக வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் முடியாது. இந்த முறை பிப்ரவரியிலேயே டாக்டர் கடிதத்தின் நகலோடு ஆரம்பித்தேன். கூடுதல் செமஸ்டருக்குப் பணம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். அப்பா விருதுநகரில் வங்கிக்கு மூன்று தடவை நடந்து, கணக்கிருப்புக் கடிதம் வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பினார். மார்ச் முதல் வாரம் புது ஐ-20 வந்தது. அடுத்த வாரம் கொரோனாவுக்காக வளாகத்தை மூடினார்கள்.

அதன் பிறகு மேசை என் அறைக்கே வந்துவிட்டது, மடிக்கணினியில் ஆபீசின் பொது மின்னஞ்சல் பெட்டி. 2020 ஜூலை 6-ஆம் தேதி வந்த அறிவிப்பை அப்போது அங்கே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இலையுதிர்ப் பருவத்தில் வகுப்பெல்லாம் இணைய வழி என்றால் எஃப்-1 மாணவர்கள் நாட்டில் இருக்கக் கூடாது என்றார்கள். போவதற்கு விமானமும் இல்லாத காலம் அது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குப் போட்டன. ஜூலை 14-ஆம் தேதி அரசாங்கம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அந்த எட்டு நாளும் எங்கள் டி.எஸ்.ஓ.க்கள் தூங்கினார்களா என்றே தெரியாது. யாருக்கெல்லாம் ஒரு வகுப்பாவது நேரில் அமைத்துத் தரலாம் என்று ஒவ்வொரு மாணவரின் கால அட்டவணையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோரின் செவிஸ் பதிவுகள் திடீரென்று ரத்தாகி, வழக்குகளுக்குப் பிறகு திரும்ப உயிர்பெற்ற செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த மின்னஞ்சல் பெட்டிதான் ஞாபகம் வந்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். நான் இங்கே எழுதுவதும் என் காலத்துக் கதை, உங்கள் ஆபீசில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓ.பி.டி.க்குப் படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிலிருந்து 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்கலாம். இது எல்லாருக்கும் தெரியும். டி.எஸ்.ஓ. செவிஸில் பரிந்துரை பதிந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. என் அறைத்தோழி புகைப்படம் சரியில்லை, தபாலுக்கு நேரமில்லை என்று வைத்திருந்து 33-ஆம் நாள் அனுப்பினாள். நிராகரிப்பு. நல்ல வேளை, அறுபது நாள் கெடு மீதியிருந்தது. புதுப் பரிந்துரை வாங்கி, மறுபடி கட்டணம் கட்டி அனுப்பினாள்.

வரி விஷயத்தில் ஆபீஸ் நடத்திய மார்ச் மாதப் பயிலரங்கு எனக்குக் காசாகவே திரும்பி வந்தது. மாணவ விசாவில் முதல் ஐந்து காலண்டர் வருடம் நாம் வரிக்கணக்கில் வெளியாட்கள், 1040-என்.ஆர். படிவம்தான் போட வேண்டும். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 என்ற படிவம் உண்டு. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால் நிலையான கழிவும் (வரி போடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை) கிடைக்கும், மற்ற நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் அதைக் கேட்க முடியாது. அந்த ஐந்து வருடத்துக்கு ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் இரண்டும் சேர்ந்த 7.65 சதவீதத்தையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஓ.பி.டி.யில் சேர்ந்த நிறுவனம் என் முதல் மூன்று சம்பளச் சீட்டிலும் பிடித்திருந்தது. பயிலரங்கில் குறித்துவைத்த தாளைப் பார்த்து மனிதவளத் துறைக்கு எழுதினேன். திரும்பக் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்த தெலுங்குப் பையனுக்கு ஒரு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவன் அது வழக்கம்போலப் பிடிப்பது என்றே நினைத்திருந்தான்.

ஒன்றைக் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். 2019 அக்டோபரில் ஒரு காலை, ஆபீஸ் திறந்த கையோடு போன் அடித்தது. மறுமுனையில் மனப்பாடம் செய்துவைத்த ஆங்கிலம். "சார், ஐ ஆம் ஸ்பீக்கிங் ஃப்ரம் நாமக்கல்…" அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. "தமிழ்லயே சொல்லுங்க அங்கிள்" என்றேன். ரெண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் கொட்டித் தீர்த்தார். பையன் பத்து நாளாகப் போன் எடுக்கவில்லை. காலேஜுக்குப் போகிறானா, இல்லையா? அதை மட்டும் சொன்னால் போதும். "நீ நம்ம ஊர்ப் பொண்ணுதானேம்மா, கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு சாமி."

சொல்ல முடியாது. மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974-இன் ஃபெர்பா சட்டப்படி மாணவர் எழுதித் தந்தால் ஒழிய, பொதுவாகப் பெற்றவரானாலும் அவர் வகுப்புக்குப் போகிறாரா என்பதைச் சொல்லக் கூடாது. பீஸ் கட்டுகிற அப்பாவிடம் இதை எப்படித் தமிழில் சொல்வது? "ரூல்ஸ் அப்படி அங்கிள்" என்றால் கல்நெஞ்சுக்காரி போல இருந்தது. எனக்கே ஒரு வருடம் முன்பு வீட்டில் "நல்லா இருக்கேம்மா" என்று சொன்ன குரல் காதில் கேட்டது. "நான் எதுவும் பாத்துச் சொல்ல முடியாது. ஆனா நீங்க கேட்டதா உள்ளே சொல்றேன், அவங்க பாத்துப்பாங்க" என்றேன். பையன் பேரையும் அப்பாவின் எண்ணையும் எழுதி, எங்கள் மேசைக்குப் பொறுப்பான அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அன்றைக்கே ஆளை அனுப்பி விசாரித்தார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மாணவ வேலையாளுக்கு அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். (நீங்கள் போகிறவராக இருந்தால், முதல் வாரமே அந்த ஒப்புதல் படிவத்தில் அப்பா அம்மா பேரை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள். அவசரத் தொடர்புக்கு உள்ளூரில் ஒருவர், ஊரில் ஒருவர் என்று இரண்டு எண் கொடுங்கள்.)

டிசம்பர் முதல் வாரம், வரிசை கதவைத் தாண்டி நின்ற ஒரு நாள், ஒல்லியாக ஒரு பையன் ஐ-20-யை நீட்டினான். பேரைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பயணத் தேதியை எழுதும் கட்டம் காலியாக இருந்தது, அதைக் காட்டினேன். எழுதிவிட்டு நிமிர்ந்து என் பேர் அட்டையைப் பார்த்தான்.

"அக்கா, தமிழா?"

"ஆமா. ஊருக்கா?"

"ஆமாக்கா. அப்பா வரச் சொல்லிட்டாரு. டிக்கெட்டும் அவரே போட்டுட்டாரு."

படிவத்தை வாங்கித் தட்டில் அடுக்கினேன். "நாளைக்கு மூணு மணிக்கு மேல வந்து வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.